மாமா அமுக்கிய பொத்தான்

என் மாமனாருக்கு மறதி இல்லை. இருப்பதாக அவரையும், என் கணவரையும், ஒரு மருத்துவரையும் நம்ப வைத்தவள் நான்.

வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. நிரலில் சில வரிகள் எழுதினேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல மனிதரைத் தன்மீதே நம்பிக்கை இழந்தவராக ஆக்கிவிட்டன.

இதைப் படிக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்லத் துணிகிறேன்... தெரிந்தவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அது எப்படி முடிந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

என் பெயர் தேன்மொழி. மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய நிறுவனத்தில் கைப்பேசிச் செயலிகள் எழுதுகிறேன். வீடு கிள்ளானை அடுத்த காப்பாரில். கணவர் குமரன் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். மகள் யாழினி தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். எங்களோடு இருப்பவர் குமரனின் அப்பா மாணிக்கம். நான் அவரை மாமா என்றுதான் அழைப்பேன். கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்ததன் கனம் உங்களுக்குத் தெரியாது.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுவேன். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் நான் கிளம்புவதற்குள் மோட்டார் சைக்கிளில் போய் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றை வாங்கி வந்து என் கைப்பையின் மேல் வைத்திருந்தார். அன்று தொடங்கியது அந்தப் பழக்கம். பிறகு கைப்பேசி பழகிக்கொண்டதும் தினமும் ஒரு குறுஞ்செய்தி வரும்: ‘பசியாறியாச்சா?’ என் சொந்த அப்பாகூட என்னை அப்படிக் கேட்டதில்லை.

அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தபோது வீடே ஆடிப்போனது. அவர் ஆடவில்லை. வாரத்தில் மூன்று நாள் கிள்ளானில் ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் டயாலிசிஸ் மையத்துக்குப் போக வேண்டும். ஏதோ அலுவலகத்துக்குப் போவதுபோல, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு போவார். ஊசி குத்துவதற்கு எப்படியும் கையை மடித்துவிட வேண்டும். அரைக்கை போட்டால் என்ன மாமா என்று கேட்டால், மடிக்கிறதுக்கும் ஒரு கை வேணுமே என்பார்.

சிகிச்சைக்குப் பின் வண்டி ஓட்டத் தெம்பிருக்காது என்பதால் நோயாளிகளை அழைத்துப் போக மையத்தில் வேன்கள் இருந்தன. முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவைக்க வேண்டும். எப்போது அழைத்தாலும் லைன் கிடைக்காது. இதற்கு ஒரு செயலி இருந்தால் நன்றாக இருக்குமே என்று அங்கிருந்த தலைமைத் தாதி சிஸ்டர் லூர்து ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்ல, மாமா அங்கேயே, என் மருமகள் செய்வாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஆம்... அந்த வேலையை எங்கள் நிறுவனத்துக்குக் கொண்டுவந்தவரே அவர்தான்!

செயலி வந்தபோது முதல் பயனரும் அவர். பக்கத்து நாற்காலிகளில் படுத்திருப்பவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார். ‘இங்க அமுக்கு, இங்க அமுக்கு, முடிஞ்சிருச்சு. எங்க வீட்டு ஆப்பு லா.’ ஆப்பு என்றதும் எல்லோரும் சிரிப்பார்களாம். அந்தச் சிரிப்புக்காகவே திரும்பத் திரும்பச் சொல்வாராம்.

இனி, நான் செய்தது.

முதல் சில வாரங்களில் செயலி அடிக்கடி தானாக மூடிக்கொண்டது. இதை உங்களுக்கு விளக்க வேண்டும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்பாராத ஒன்று குறுக்கிட்டால், அது அங்கேயே நின்று ஓர் எச்சரிக்கை எழுப்பும். அதற்கு விதிவிலக்கு என்று பெயர். அந்த எச்சரிக்கையைப் பிடித்துக்கொள்ள நிரலில் யாராவது ஏற்பாடு செய்திருந்தால் சமாளிக்கலாம். யாரும் பிடிக்கவில்லையென்றால் செயலி சட்டென்று மூடிவிடும். பயனருக்கு எரிச்சல் வரும். ஆனால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்பதாவது அவருக்குத் தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக ஒரு பிடிப்பான் வைக்கலாம். வேறு எங்கும் பிடிபடாத பிழைகள் எல்லாம் அங்கே வந்து சேரும். அங்கே நாம் செய்ய வேண்டியது என்ன நடந்தது என்று குறித்து எங்களுக்கு அனுப்புவதும், நீங்கள் கேட்டது நடக்கவில்லை என்று பயனரிடம் நேர்மையாகச் சொல்வதும்தான். வேலைக்குச் சேரும் எந்தப் புதியவருக்கும் நானே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது!

அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. எந்தச் செயலி எத்தனை முறை மூடிக்கொண்டது என்று அதில் சிவப்பில் ஓடும். என் செயலிதான் எப்போதும் மேலே இருந்தது. மற்ற ஊர்களில் இருக்கும் மையங்களுக்கும் இந்தச் செயலியை எடுப்பதா என்று தொண்டு அமைப்பின் நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்க இருந்தது. அதற்குள் அந்தச் சிவப்பை இறக்க வேண்டும் என்றார் முதலாளி.

ஒவ்வொரு பிழையாகத் தேடித் திருத்தியிருக்க வேண்டும். தேடினேன். சிலவற்றைத் திருத்தினேன். மிச்சம் இருந்தன. பொறுமை போனது... கடைசிப் பிடிப்பானை வைத்தேன். அதன் உள்ளே ஒரே ஒரு வேலையைத்தான் எழுதினேன்: எந்தப் பிழை வந்தாலும் சத்தமில்லாமல் பயனரை முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடு. குறிப்பு அனுப்புவதை நிறுத்தினேன். பயனரிடம் சொல்வதையும் நிறுத்தினேன்.

மறுநாளே சிவப்பு மறைந்தது. முதலாளி என் மேசைக்கு வந்து, ‘வெரி ஸ்டேபல் ஆல்ரெடி’ என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம்தான் முதலில் சொன்னேன். அன்று ஊசி குத்திய கையை மடக்கி வைத்திருந்தவர், இன்னொரு கையால் என் தலையைத் தொட்டார்.

எனக்கு வெட்கமே இல்லை. உண்மையாகவே நான் மகிழ்ச்சியாக இருந்தேன்!

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். பதிவு சரியாக முடிந்தாலும் செயலி முகப்புக்குத்தான் திரும்பும். மேலே ‘பதிவு ஏற்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் ஒரு வரி தோன்றி உடனே மறையும். பிழை வந்தால் அந்தப் பச்சை வரி இருக்காது. வேறுபாடு அவ்வளவே. கண்புரை அறுவை செய்துகொண்ட ஒரு முதியவருக்கு அந்த வேறுபாடு தெரியுமா? நான் அப்போது நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு புதன்கிழமைக் காலை. நான் வேலைக்குக் கிளம்பும்போது மாமா இஸ்திரிச் சட்டையோடு வாசல் கேட்டருகே நாற்காலி போட்டு வேனுக்காகக் காத்திருந்தார். நான் கையசைத்துவிட்டுப் போனேன். வேன் வரவில்லை. மையத்தை அழைத்திருக்கிறார், உங்கள் பெயரில் பதிவே இல்லை அங்கிள் என்றிருக்கிறார்கள். அன்றைக்கு இனி வேன் இல்லை என்று மறுநாளைக்கு ஓர் இடம் ஒதுக்கித் தந்துவிட்டார்கள். நான் அலுவலகத்தில் இருந்தபோது என்னை அழைத்தார்.

“தேனு, நேத்து புக் பண்ணிட்டேன்னுதான் நெனச்சேன். பண்ணல போல.”

செயலியில் ஏதாவது கோளாறாக இருக்கலாம் மாமா என்று நான் ஆரம்பித்தேன்.

“சே சே, ஆப்பு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வயசாச்சு.”

அந்தக் கணத்தில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அவர் தன்மேல் போட்டுக்கொண்டதை நான் அப்படியே அவர்மேலேயே விட்டுவிட்டேன். அரை மணி நேரம் ஒதுக்கிச் சோதித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஒதுக்கவில்லை. பிழைப் பதிவேட்டைப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம்... எதைப் பார்ப்பது? குறிப்பு அனுப்புவதைத்தான் நானே நிறுத்தி வைத்திருந்தேனே!

சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இரண்டாம் முறை நடந்தது. இந்த முறை எங்களில் யாருக்கும் தெரியவில்லை. வேன் வராததும் அவர் மையத்தை அழைக்கவில்லை. எங்களையும் அழைக்கவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நாங்கள் வந்ததும் போய்வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார். தனக்கு மறதி வந்துவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டிவிடுவோமோ என்ற பயம். திங்கட்கிழமை வரை எப்படியும் தாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

தாங்கவில்லை. ஞாயிறு மதியம் யாழினியோடு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர் மூச்சுக்குத் திணற ஆரம்பித்தார். கால்கள் வீங்கியிருந்தன. நுரையீரலில் நீர். குமரன் காரை எடுத்த வேகம் இன்னும் நினைவிருக்கிறது. பின்னிருக்கையில் மாமா என் தோளில் சாய்ந்து, பேச முடியாமல், என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். அவர்! எனக்கு!

மருத்துவமனையில் நீரை எடுத்து, மூச்சு சீரான பிறகு, குமரன் கேட்டதற்குத்தான் உண்மையைச் சொன்னார்.

“வெள்ளிக்கெழம நான் போகலப்பா. புக் பண்ண மறந்துட்டேன். பண்ணின மாதிரியே இருந்துச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

பண்ணின மாதிரியே இருந்துச்சு... அந்தச் சொற்கள் என்னைச் சும்மா விடவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு கைப்பேசியில் மாமாவின் பெயரைப் பதிந்துகொண்டு கட்டடத்தின் அடித்தளக் கார் நிறுத்தத்துக்குப் போனேன். அங்கே லைன் கிடைக்காது. எங்கள் வீட்டுச் சமையலறைப் பக்கமும் அப்படித்தான். லைன் இல்லாதபோது பதிவைக் கைப்பேசியிலேயே ஒரு கோப்பாகச் சேமித்துவைத்து, லைன் வந்ததும் அனுப்பிவிடும்படி எழுதியிருந்தேன். அந்தக் கோப்புக்கு நோயாளியின் பெயரையே வைத்திருந்தேன்.

பொத்தானை அமுக்கினேன். முகப்பு வந்தது. பச்சை வரி வரவில்லை. மறுபடி அமுக்கினேன். வரவில்லை.

எங்கள் அடையாள அட்டைகளில் பெயர் எப்படி இருக்கும் என்று வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆணின் பெயருக்கும் அவன் அப்பாவின் பெயருக்கும் நடுவே ஏ/எல் என்று இருக்கும். இன்னாரின் மகன் என்று பொருள்படும் மலாய்ச் சொற்களின் சுருக்கம். மகள் என்றால் ஏ/பி. நடுவில் ஒரு சாய்கோடு. கைப்பேசியில் கோப்புக்கு வைக்கும் பெயரில் அந்தச் சாய்கோடு வரக் கூடாது. வந்தால் அதை வேறொரு அறைக்குப் போகும் வழி என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். இல்லாத அறையைத் தேடும். கிடைக்காமல் எச்சரிக்கை எழுப்பும். மாமா சமையலறைப் பக்கம் நின்று பதிந்தபோது அந்த எச்சரிக்கையை நான் வைத்த பிடிப்பான் விழுங்கிவிட்டு, மாமாவை முகப்புக்கு அனுப்பிவிட்டது. அவர் வழக்கம்போல முடிந்தது என்று கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டார்.

அவர் அமுக்கியிருந்தார்! இரண்டு முறையும் அமுக்கியிருந்தார்!

யாருடைய காருக்கோ பக்கத்தில் இருந்த சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். என் பெயரிலும் அதே சாய்கோடு இருக்கிறது. பிறந்த நாளிலிருந்து என்னோடு வருகிறது. ஆனால் சோதிக்கும்போதெல்லாம் நான் கொடுத்த பெயர் என்ன? ‘டெஸ்ட்’. என் பெயரையோ, என் வீட்டில் இருப்பவரின் பெயரையோ ஒருமுறை கொடுத்துப் பார்த்திருக்கலாமே... ஏன் தோன்றவில்லை?

அன்று மதியமே திருத்திவிட்டேன். பதிவு சேரவில்லையென்றால் பெரிய எழுத்தில் சொல்லும்படி செய்தேன். புதிய பதிப்பு வெளியானது. என்ன மாறியது என்று எழுத வேண்டிய இடத்தில் ‘சிறு மேம்பாடுகள்’ என்று எழுதினேன்.

மையத்துக்குச் சொல்லவில்லை. முதலாளிக்குச் சொல்லவில்லை. மாமாவைப் போல வேறு யாரெல்லாம் கேட்டருகே காத்திருந்தார்களோ... எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியையும் நான்தான் அடைத்திருந்தேன்.

வீட்டில்? வீட்டில் ஏன் சொல்லவில்லை?

நிறுவனத்துக்குக் கெட்ட பெயர் வரும், ஒப்பந்தம் போகும், கூட வேலை செய்பவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சாக்கு. மாமாவின் கண்ணில் நான் குறைந்துபோய்விடுவேன் என்ற பயம்தான் காரணம். அந்த மனிதர் என்மேல் வைத்திருந்த பெருமை எனக்கு வேண்டியிருந்தது. இனி நடக்காது, திருத்தியாகிவிட்டது, சொல்லி என்ன ஆகப் போகிறது என்று நாளைத் தள்ளினேன்.

ஆனால் நான் திருத்தியது செயலியைத்தான். மாமாவை அல்ல.

குமரன் அவரை நினைவாற்றல் சோதனைக்கு அழைத்துப் போனார். இன்று என்ன கிழமை, கடிகாரத்தை வரைந்து காட்டுங்கள், இந்தச் சொற்களைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மறந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே போனவர் சிலவற்றைத் தவறவிட்டிருக்கிறார். வயதுக்கு ஏற்றதுதான், கவனமாக இருங்கள் என்றாராம் மருத்துவர். அவருக்கு யார் உண்மையைச் சொன்னார்கள்? மாமா தன்னைப் பற்றிச் சொன்னதைத்தானே அவரும் நம்பினார்!

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் பள்ளியிலிருந்து யாழினியை அழைத்து வருவது மாமாவின் வேலை. வேலை என்று நான் சொல்கிறேன். அவருக்கு அது திருவிழா. மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே போய் நிழலில் காரை நிறுத்திவிடுவார். வழியில் இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். அவர் ஒரு வாய்தான். நோயால் அவருக்கு நீர் அளவோடுதான். அம்மாவிடம் சொல்லாதே என்று ஒப்பந்தம். என் மகளின் பள்ளிச் சட்டைக் கறையிலிருந்து எனக்கு எல்லாம் தெரியும்.

குமரன் அதை நிறுத்தச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தார். மாமாவே ஒருநாள் கார்ச் சாவியைக் கொண்டுவந்து குளிர்பெட்டியின் மேல் வைத்தார். நாங்கள் இருவரும் அங்கே இருந்தோம்.

“பிள்ளய இனிமே ஸ்கூல் வேன்ல அனுப்புங்க. ரோட்டுல நிக்க வச்சிட்டு நான் மறந்துட்டேன்னா?”

இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஏதோ இடித்தது. என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் முதுகைத் தடவினார். நான் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்...

அதன்பிறகு அவர் எல்லாவற்றுக்கும் சாட்சி தேட ஆரம்பித்தார். கேட்டைப் பூட்டினால், நான் பூட்டியதை நீ பார்த்தாயா அம்மா என்பார். மாத்திரை விழுங்கினால், பார்த்தாயா என்பார். வேனுக்குப் பதிவு செய்யும்போது என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். பச்சை வரி வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டினால்தான் கைப்பேசியைக் கீழே வைப்பார். அப்படியும் செயலியை அவர் ஒரு சொல் குறை சொன்னதில்லை. ஆப்பு நல்லதுதான், ஆள்தான் சரியில்லை என்று மையத்தில் சொல்லிச் சிரிப்பாராம்.

ஒரு தீபாவளி போய் மறு தீபாவளி வந்தது. அவ்வளவு காலம் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு முன் ஒரு சனிக்கிழமை, மாமாவுக்குச் சட்டை எடுக்க கோலாலம்பூரில் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். குமரனுக்கு வேலை, யாழினி தோழி வீட்டில். நாங்கள் இருவர் மட்டும் கிள்ளானிலிருந்து ரயிலில் போனோம். மாமாவுக்கு ரயில் பிடிக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. நான் கவனித்தேன். அவர் தன்னைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

நீல நிறத்தில் முழுக்கைச் சட்டை ஒன்று எடுத்தோம். பிறகு ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். ரசம் கொண்டுவந்த பையனிடம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஆனால் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார், வீட்டுக் கேட்டைப் பூட்டினேனா என்று. பூட்டினீர்கள் மாமா என்றேன். இரண்டு வாய் சாப்பிட்டார். மறுபடி கேட்டார். அவர் கண்ணில் இருந்த அச்சத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன்.

“மாமா, உங்களுக்கு மறதி இல்ல. அந்த ரெண்டு தடவயும் நீங்க புக் பண்ணீங்க. என் ஆப்புதான் அத தொலச்சிருச்சு. நான்தான் அப்படி எழுதி வச்சேன். நீங்க ஹாஸ்பிட்டல்ல இருந்தப்பவே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் கை இலைமேல் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்...

“குமரன் உன்ன ஏதாச்சும் சொன்னானா?”

இல்லை மாமா, நான் சொல்வதுதான் உண்மை என்றேன். கைப்பேசியை எடுத்தேன். சாய்கோட்டைக் காட்டினேன். கோப்பு, அறை, பிடிப்பான் என்று குழறிக் குழறி எல்லாவற்றையும் சொன்னேன். யாழினியின் பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்பதுபோலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் சிரித்தார். கேலிச் சிரிப்பல்ல. அவ்வளவு அன்பான சிரிப்பு!

“நீ எனக்கு மவ மாதிரிம்மா. அதுக்காக இப்படிப் பழிய இழுத்து உன் மேல போட்டுக்காத. வயசானா வரும் லா. எனக்கு ஒன்னும் வருத்தமில்ல. சாப்புடு.”

தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார்.

நான் அழுதேன். என் பாசத்தால் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்று மாலையே குமரனிடம் சொன்னேன். அவர் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் தண்ணீர்க் குழாயை மூடினார்.

“ஒரு வருஷமா உனக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன். துணியைப் பிழிந்து காரைத் துடைக்கத் தொடங்கினார். அவர் கத்தியிருந்தால் தேவலை. தீபாவளி முடியும்வரை தேவைக்கு மட்டும் பேசினார். எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், கோயிலுக்குப் போனோம், வந்தவர்களுக்கு முறுக்குக் கொடுத்தோம்... எல்லாம் நடந்தது.

பிறகு ஒருநாள் சாவியை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். நாளைக்கு நீங்களே போய் யாழினியைக் கூட்டிவாங்கப்பா, உங்களுக்கு ஒன்றுமில்லை என்றார். மாமா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“வேணாம்பா. அவ சொல்றத நம்பி பிள்ளய என்கிட்ட விட்றாத. எம்மேல எனக்கே நம்பிக்க இல்ல. அவகிட்ட மூஞ்சத் தூக்கி வச்சிக்காத, எனக்காகத்தான் அப்படிச் சொன்னா.”

என்மேல் கோபப்படும் உரிமையுள்ள ஒரே மனிதர் எனக்காகப் பரிந்து பேசினார். குமரன் என்னைப் பார்த்தார். பிறகு சாவியைக் குளிர்பெட்டியின் மேலேயே வைத்தார்.

இப்போது சில வேளைகளில் அவர் உண்மையாகவே மறக்கிறார். போன மாதம் குழாயைத் திறந்துவிட்டு மறந்தார். ஒருமுறை யாழினியை என் பெயர் சொல்லி அழைத்தார். இது வயதா? அல்லது மறப்பாய், மறப்பாய் என்று ஓராண்டுக்கு மேலாக அவரைப் பயமுறுத்தி வைத்ததன் விளைவா? எனக்குத் தெரியாது. எந்த மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

சென்ற திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு நானே அவரை மையத்துக்கு அழைத்துப் போனேன். இப்போது முடிந்தபோதெல்லாம் அப்படிச் செய்கிறேன். அவரைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, நான் நகர்ந்து நின்றேன். குழாய்களைப் பொருத்திவிட்டு சிஸ்டர் லூர்து நேராக என்னிடம் வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அங்கிள் எல்லாத்தயும் சொன்னாரு. அவரு மறந்தத நீங்க உங்க தப்புன்னு சொன்னீங்களாமே. இந்தக் காலத்துல எந்த மருமக அப்படிச் சொல்லுவா?”

பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் ஆன்டி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அவரும் என் செயலியில் பதிவு செய்துதான் வந்திருப்பார். அவர் பெயரிலும் ஒரு சாய்கோடு இருக்கும். அவர் எந்தக் காலையில் எந்தக் கேட்டருகே நின்றாரோ!

மாமா படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் எவ்வளவு பெருமை... செயலி வெளிவந்த நாளில்கூட அவ்வளவு இல்லை.

இல்லை சிஸ்டர், நான் சொன்னது உண்மை, எல்லோரும் கேளுங்கள் என்று அந்த அறையில் நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு இதைவிட ஏற்ற இடம் உலகத்தில் கிடையாது. வாயைத் திறந்தேன்.

“தேங்க்ஸ் சிஸ்டர்” என்றேன்.

மாமா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். இயந்திரம் ஓடத் தொடங்கியது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.